தார் ரோட்டுக்கும் சரளைப் பாதைக்கும் ஒரே டயர்

நம் பகுதிக் கடைக்காரருக்கு ஒரே நாளில் மூன்று விதமான பாதை வந்துவிடுகிறது. கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே தார் ரோடு. கரும்புக் கொல்லைக்கும் வாய்க்கால் கரைக்கும் பிரிந்தால் மண் பாதை. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைப் பக்கம் ஏறினால் மலைச்சாலை, அதிலிருந்து குக்கிராமங்களுக்குப் பிரியும் இடங்களில் சரளையும் பாறையும். மூன்றுக்கும் மூன்று வண்டி வைத்துக்கொள்ள எந்த மளிகைக் கடைக்கும் வசதி கிடையாது. ஒரே சைக்கிள், இல்லாவிட்டால் ஒரே மொபெட். அதில்தான் அரிசிச் சிப்பமும் எண்ணெய் டின்னும் போகின்றன. புளியும் கடுக்காயும் திரும்பி வருகின்றன.

ஆகவே டயர் மாற்ற வரும் உறுப்பினர்கள் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இரண்டுக்கும் தோதான டயர் எது? கேட்கும்போதே பலர் விடையையும் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு சாரார் மலிவானதைக் கேட்பர். மறு சாரார், மலைக்குப் போகிற வண்டி என்பதால் பட்டன் பெரிதாக உள்ள டயரைக் கேட்பர். இரண்டுமே காசைத் தின்னும் வழிகள். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அகலம், இரண்டாவது காற்று, பட்டன் மூன்றாவதுதான். நம்மவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இது அற்ப விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். இறக்கத்தில் முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுவது எண்ணெய் டின் மட்டுமல்ல, அதை ஓட்டிப் போகும் பையனும்தான். அவன் நம்மை நம்பி வந்தவன். அவன் வீட்டுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கல்லை விழுங்கும் டயர்

காற்றடைத்த டயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1888-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குதிக்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அவருக்கு முன்பே 1840-களில் தாம்சன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும் அது வியாபாரமாகவில்லை. டன்லப் செய்தது தார் ரோட்டுக்காக அல்ல, கரடுமுரடான தெருவுக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். டயரின் வேலையே அதுதான்.

வழியில் ஒரு சிறு கல் கிடக்கிறது. டயர் மெத்தென்று இருந்தால் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே போய்விடும். டயர் கல்லாக இறுகியிருந்தால், ஆளும் மூட்டையும் சேர்ந்து அந்தக் கல்லின் உயரத்துக்குத் தூக்கப்பட்டுக் கீழே விழ வேண்டும். தூக்குகிற சக்தி யாருடையது? மிதிக்கிறவனுடையது. காற்று கெட்டியாக இருந்தால் வண்டி லேசாக ஓடும் என்பது வழவழப்பான தார் ரோட்டுக்கு மட்டும் பொருந்தும். சரளையில் அதே காற்று வேகத்தைக் குறைக்கும், பிடியைக் கெடுக்கும், மூட்டையையும் அவிழ்க்கும்.

அதற்காகக் காற்றைக் கண்டபடி குறைக்கவும் கூடாது. குறைந்த காற்றில் கல்லின் மேல் ஏறினால் டயர் முழுவதும் அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். பிரித்துப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. முள் குத்திய பஞ்சருக்கு ஒரே ஓட்டைதான் இருக்கும். பஞ்சர் கடையில் இரட்டை ஓட்டை என்று சொன்னால் டயரைக் குறை சொல்லாதீர்கள். காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம் என்று பொருள்.

இங்கேதான் அகலம் வருகிறது. கணக்கை நம் தராசு மொழியிலேயே சொல்லலாம். பின் சக்கரத்தின் மேல் 80 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 176 பவுண்டு. டயரில் சதுர அங்குலத்துக்கு 44 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொட்டுச் சுமையைத் தாங்கும் இடம் சுமார் 4 சதுர அங்குலம். காற்றை 35 பவுண்டாகக் குறைத்தால் அது 5 சதுர அங்குலமாகும். ஒல்லியான டயர் அந்த ஐந்து அங்குலத்தைக் கொடுக்க ரிம் வரை அமுங்க வேண்டும். அகலமான டயர் சிறிது அமுங்கினாலே கொடுத்துவிடும். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இன்னும் இடம் மீந்திருக்கும். ஆகவே அகல டயரில் காற்றைத் துணிந்து குறைக்கலாம். இதைத் தவிர அகலத்தில் வேறு மாயமில்லை.

எவ்வளவு அகலம்? ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடம் இருக்கும் அளவுக்கு. டயருக்கு இருபுறமும் குறைந்தது அரை விரல் இடைவெளி விட வேண்டும். மழைக்காலச் செம்மண் டயரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும்போது அந்த இடைவெளிதான் சக்கரத்தை நிற்காமல் காப்பாற்றும்.

காற்றுமானி இல்லாமல் அளப்பது

நம் சாதாரண சைக்கிளின் வால் டியூப் போட்ட வால்வில் காற்றுமானி சரியாகக் காட்டாது. ஆகவே ஆளுக்கு ஆள் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்கிறார்கள். கட்டைவிரல் நல்ல கருவியல்ல. ஒல்லி டயரும் அகல டயரும் விரலுக்கு ஒரே மாதிரி தெரியும்.

இதற்கு ஃபிராங்க் பெர்டோ என்ற அமெரிக்கர் ஒரு எளிய கணக்கைச் சொல்லியிருக்கிறார். ஆள் ஏறாமல் ரிம்மின் விளிம்பிலிருந்து தரை வரை ஸ்கேலால் அளந்துகொள்ளவும். பிறகு வழக்கமான சுமையோடு ஆள் ஏறி உட்கார்ந்ததும் அதே இடத்தில் அளக்கவும். நூற்றுக்குப் பதினைந்து பங்கு அமுங்கியிருந்தால் காற்று சரி. சும்மா நிற்கும்போது 40 மில்லிமீட்டர் என்றால், சுமையோடு 34 இருக்க வேண்டும். 37 என்றால் காற்று கெட்டி. 30 என்றால் கல்லில் இடிக்கும். முன் சக்கரத்தைத் தனியாகவும் பின் சக்கரத்தைத் தனியாகவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேரியரில் மூட்டை ஏறினால் பெரும்பங்கு சுமை பின்னால்தான் விழுகிறது. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே காற்று அடிப்பது நம் ஊரில் பழகிப்போன தவறு. முன்னால் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, கைப் பம்பில் எத்தனை அடி அடித்தால் அந்த அளவு வருகிறது என்று எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை ஸ்கேல் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

பட்டன் எங்கே இருக்க வேண்டும்

பெரிய பட்டன் டயர் கடையில் பார்க்க எடுப்பாக இருக்கும். தார் ரோட்டில் அந்தப் பட்டன்கள் ஒவ்வொன்றும் நெளிந்து நெளிந்து ஓடும்; மிதிப்பவனுக்குப் பாரம், டயருக்குத் தேய்மானம். நனைந்த தாரில் வளைவில் சாய்த்தால் நெளிந்த பட்டன் விட்டுவிடும். களிமண் கலந்த ஈரப் பாதையில் பட்டன்களின் சந்து அடைத்துக்கொண்டால் மொட்டை டயருக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. பட்டன் உண்மையில் உதவுவது உதிரியான சரளையிலும் புல் தரையிலும்தான்.

எனவே கலப்புப் பாதைக்கு நடுப்பகுதி நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ச்சியான பட்டையாக இருந்து, இரு ஓரங்களில் மட்டும் இடைவெளி விட்ட பட்டன் உள்ள டயர் சரியானது. நேராக ஓடும்போது நடுப்பட்டை ஓடும். வளைவிலும் சரளையிலும் ஓரப் பட்டன் மண்ணைப் பிடிக்கும். டயரை வாங்குமுன் கட்டைவிரலால் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பட்டன் எளிதாக ஆடினால் அது ரோட்டில் நெடுநாள் உழைக்காது.

மேல்நாட்டில் இப்போது இதற்கென்றே கிராவல் பைக் என்று ஒரு சைக்கிள் வகை இருக்கிறது. நமக்குக் கிராவல் என்றால் லாரியில் கொண்டுவந்து கொட்டும் மண். அவர்களுக்கு அது தார் போடாத சரளை ரோடு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் (இப்போது அன்பவுண்ட் கிராவல் என்று பெயர்) இதைப் பிரபலமாக்கியது. அங்கே ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதியின் கூரிய சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். பந்தயக்காரர்கள் பட்ட அனுபவத்தில் தேறியதும் நாம் மேலே சொன்னதுதான்: 40 மில்லிமீட்டர் அளவில் அகலம், நடுவில் நெருக்கம், ஓரத்தில் பட்டன், பக்கவாட்டில் உறுதி. நம் பெரியவர்கள் ஓட்டிய 28 × 1½ சைக்கிளின் டயரும் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர்தான் என்பது நமக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. ரோடே இல்லாத காலத்தில் நம் ஊரில் ஓடியதை இப்போது புதுச் சரக்காக விற்கிறார்கள்.

நெருஞ்சி

கல்லைவிட நமக்குப் பெரிய எதிரி முள். சீமைக் கருவேலமும் நெருஞ்சியும் இல்லாத கொல்லை ஓரம் ஏது? அமெரிக்க சைக்கிள்காரர்கள் தங்கள் ஊரில் சபிக்கும் முள்ளும் இதே நெருஞ்சிதான். அங்கே அதன் பெயரே பஞ்சர்க் கொடி. நெருஞ்சி முள் நீளமில்லை. ஆகவே நடுப்பட்டை தடிமனாக உள்ள டயரில் பெரும்பாலும் டியூபை எட்டாது. தேய்ந்த டயரில்தான் எட்டும். கோடையில் பஞ்சர் அடிக்கடி வந்தால் டியூபை மாற்றாமல் டயரைப் பாருங்கள். கருவேல முள் நீளமானது. அதற்குத் தடிமன் போதாது. டயருக்குள் பழைய டியூபை வெட்டிப் பட்டையாக விரிக்கும் வழக்கம் நல்லதே, ஆனால் பட்டையின் ஓரத்தைச் சாய்வாக மெலிதாக்க வேண்டும். வெட்டிய ஓரம் தடித்திருந்தால் அதுவே புது டியூபை உரசி ஓட்டையாக்கும். பஞ்சர் ஒட்டியவுடன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, மீந்த முள் முனை இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டக் கூடாது.

டியூப் இல்லாமல் உள்ளே ரப்பர்ப் பால் போன்ற திரவம் ஊற்றும் முறை கியர் சைக்கிள்களில் வந்திருக்கிறது. சிறு முள் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கென்றே செய்த ரிம் வேண்டும், நம் வெயிலில் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். கடைச் சுமை சைக்கிளுக்கு அது தேவையில்லை.

எண்ணில் ஏமாற வேண்டாம்

இனி சொல்லப்போவது டயர் சரக்கு வைத்து விற்கும் உறுப்பினர்களுக்கு. மளிகையோடு நாலு டயர் தொங்கவிட்டு விற்கும் கடைகள் மலைப்பக்கம் நிறைய. அவர்கள் கையில் முடங்கும் சரக்கில் பெரும்பகுதி அளவு தவறி வாங்கியதே.

சைக்கிள் டயரில் 26, 28 என்று சொல்வது ஒரு பழைய பெயர், அளவு அல்ல. ஒரே பெயரில் பொருந்தாத டயர்கள் உண்டு. பெரிய சாதாரண சைக்கிளின் 28 × 1½ டயருக்கு ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். கியர் சைக்கிள்களில் வரும் 700 சி டயரையும் சிலர் 28 என்றே சொல்வார்கள். அதன் விட்டம் 622. 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்று மற்றொன்றில் ஏறாது, அல்லது ஏறினாலும் நிற்காது. அதேபோல் ரேஞ்சர் வகை சைக்கிளின் 26 × 1.95 டயருக்கு 559. 26 × 1⅜ என்றால் 590. இன்னும் ஒரு வேடிக்கை: 26 × 1.75 என்பதும் 26 × 1¾ என்பதும் கணக்கு வாத்தியாருக்கு ஒன்று. டயர்க்காரருக்கு ஒன்றல்ல, முன்னது 559, பின்னது 571. புள்ளி வைத்து எழுதிய அளவும் பின்னமாக எழுதிய அளவும் ஒன்றுக்கொன்று மாறாது என்று மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து பக்கவாட்டிலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. 40-635, 50-559, 40-622 என்பது போல இரண்டு எண்கள். முன்னது அகலம், பின்னது ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பின் எண் ஒன்றாயிருந்தால்தான் டயர் பொருந்தும். முன் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். ஆர்டர் எழுதும்போது இந்த எண்ணையே எழுதுங்கள். டயர் தேடி வருகிறவரிடமும் பழைய டயரைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது எண்ணைத் தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். அரசு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லாச் சைக்கிள்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன; அவற்றுக்கு டயர் கேட்டு வரும் தகப்பனார் பெரும்பாலும் அளவு தெரியாமல்தான் வருவார். எண்ணைப் பார்த்துக் கொடுத்தால் அந்த வீடு உங்கள் கடையை விடாது.

எந்த அளவை எடுத்து வைப்பது? பழைய பெரிய சைக்கிளில் அகலம் கூட்ட இடமே கிடையாது. 28 × 1½ தவிர வேறு போட முடியாது. ஆகவே அதில் தரம் ஒன்றைத்தான் பார்க்க முடியும்: தடித்த நடுப்பட்டை, நெருக்கமான நூல், ஓரக் கம்பி நெளியாமல் வட்டமாக இருத்தல். இரண்டு டயரை அடுக்கி வைத்தால் கம்பி வட்டம் கோணியிருப்பது கண்ணுக்கே தெரியும். ரேஞ்சர் வகையில் தேர்வுக்கு இடமுண்டு. அதில் 1.95 அகலத்தில், நடுப்பட்டை தொடர்ந்து வரும் வகையே நம் ஊருக்கு ஏற்றது. ஆழப் பட்டன் டயரை இளவட்டங்கள் கேட்பார்கள். ஒரு ஜோடிக்கு மேல் வைக்க வேண்டாம். 700 சி கேட்டு வருபவர் அபூர்வம். அதைச் சொல்லி வைத்து வரவழைப்பதே மேல்.

மலிவு டயரைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு டயர் நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அது முக்கால் காலமே உழைத்தால் உங்களுக்கு லாபமா நஷ்டமா? நல்ல டயர் நூறு நாள் உழைத்தால் நாளுக்கு ஒரு ரூபாய். மலிவு டயர் எண்பது ரூபாய்க்கு எழுபத்தைந்து நாள், நாளுக்கு ஒரு ரூபாய் ஏழு காசு. பஞ்சர்க் கூலியையும், பையன் வழியில் நின்ற நேரத்தையும் இதில் சேர்க்கவேயில்லை.

புதுசு முன்னாலா, பின்னாலா

சுமை பின்னால் இருப்பதால் புது டயரைப் பின்னால் போடுவது நம் வழக்கம். பின் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது என்பதும் உண்மை. ஆனால் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும், ஓட்டுபவர் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இல்லை. ஆகவே ஒரு டயர் மட்டும் வாங்கும்போது புதியதை முன்னாலும், முன்னால் இருந்ததைப் பின்னாலும் மாற்றுவதே முறை. நூல் தெரியும்வரை தேய்ந்ததையோ பக்கவாட்டில் வெடித்ததையோ எங்கும் போடக் கூடாது. கூலி கொஞ்சம் கூடும் என்று கடைப் பையன் சொல்வான், கொடுத்துவிடுங்கள்.

மொபெட்டுக்கு

மலைச்சாலையில் இப்போது சரக்கு ஏற்றிப் போவது பெரும்பாலும் மொபெட்டும் வேனும்தான். வேனைப் பற்றி இன்னொரு சமயம் எழுதலாம். எக்ஸ்.எல். மொபெட்டுக்கு முன்னும் பின்னும் 2.50-16 என்ற ஒரே அளவு. அதனால் மேலே சொன்ன முன்-பின் மாற்றம் இதற்கும் பொருந்தும். அளவுக்குப் பக்கத்தில் 41 எல் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 41 என்பது அந்த டயர் தாங்கும் சுமைக்கான குறி. 145 கிலோ என்று பொருள். ஓட்டுபவரும் வண்டியின் எடையில் பின்பங்கும் மூட்டையும் சேர்ந்துதான் அந்த 145. மூன்று சிப்பம் அடுக்கிவிட்டு டயர் வெடித்தது என்று கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை. மொபெட் வால்வில் காற்றுமானி ஒழுங்காகக் காட்டும். வண்டியோடு வரும் கையேட்டில் சொன்ன காற்றைக் காலையில் டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும். மலை இறங்கும்போது டயர் சூடாகிக் காற்று ஏறியிருக்கும், அப்போது குறைக்கக் கூடாது.

மோட்டார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதோடு நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். 3224 என்றால் 2024-ம் வருடம் 32-வது வாரம். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பவர்களிடம் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

கடைசியாக, கடையில் டயர் வைக்கும் முறை. வாசலில் வெயில் படும்படி ஆணியில் தொங்கவிட்டால் விளம்பரம்தான். ஆனால் இழுபட்டு நிற்கும் இடத்தில் ரப்பர் நுண்ணிய வெடிப்பு விடும். விளம்பரத்துக்கு ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு, விற்கும் சரக்கை உள்ளே நிழலில் நிறுத்தி வையுங்கள். மளிகைக் கடையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எண்ணெய். மண்ணெண்ணெயும் சமையல் எண்ணெயும் பட்டால் ரப்பர் உப்பி இளகும். டயர் அடுக்கை எண்ணெய் டின் வரிசைக்கு எதிர்ச்சுவரில் வைக்கவும். டியூப்களை மடித்த மடிப்பிலேயே வருடக் கணக்கில் விடாமல், டால்க் பவுடர் தூவி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கவும்.